காட்டுத்தீயும் பழிச்சொல்லும்: சதிக்கோட்பாடுகள் யாரைக் காக்கின்றன, யாரைப் பலியிடுகின்றன?

அண்மை ஆண்டுகளில் உலகின் எப்பகுதியில் பெரும் காட்டுத்தீ மூண்டாலும், நெருப்பு அணையும் முன்னரே அதற்கொரு குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டுவிடுகிறார். சில நேரங்களில் அவர் அகதி. சில நேரங்களில் அவர் அரசியல் எதிரி. சில நேரங்களில் அவர் மனிதரே அல்லர். விண்ணிலிருந்து பாய்ந்த கதிர் ஆயுதம். இக்கதைகளை அறியாமையின் விளைவு என்று மட்டும் கருதி நகைத்துக் கடந்துவிட முடியாது. இவற்றால் மனிதர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பொறுப்பேற்க வேண்டியவர்களிடமிருந்து மக்களின் பார்வை திசைதிருப்பப்பட்டிருக்கிறது. காட்டுத்தீ, காலநிலை மாற்றம் ஆகியவை குறித்துப் பரப்பப்படும் பொய்ச்செய்திகளின் முக்கிய வகைகளையும், அவற்றின் பின்னணியையும், விளைவுகளையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

பொறியும் பரவலும்

காட்டுத்தீ உண்டாக மூன்று கூறுகள் தேவை: எரியக்கூடிய தாவரப் பொருள், அதைப் பற்றவைக்கும் பொறி, தீயைப் பரப்பும் வானிலை. பெரும்பாலான பொய்கள் இரண்டாம் கூறினை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் மறைக்கின்றன. ‘தீயை மனிதர்தாம் வைத்தனர், ஆகவே காலநிலை மாற்றத்துக்கு இதில் தொடர்பில்லை’ என்பது அவற்றின் பொது வாய்பாடு.

காலநிலை அறிவியல் பொறியைப் பற்றிப் பேசவில்லை. வெப்பம் கூடும்போது காற்று மண்ணிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் கூடுதலான ஈரத்தை உறிஞ்சுகிறது; காய்ந்த காட்டில் விழும் அதே பொறி முன்னைவிட வேகமாகவும் நெடுந்தொலைவும் பரவுகிறது என்பதே அது சொல்வது. 1992 முதல் 2012 வரை அமெரிக்காவில் அணைக்கப்பட்ட காட்டுத்தீக்களில் 84 விழுக்காடு மனிதச் செயல்களால் தொடங்கியவை. ஆனால் எரிந்த மொத்தப் பரப்பில் அவற்றின் பங்கு 44 விழுக்காடுதான். மனிதச் செயல் என்பதில் அறுந்த மின்கம்பி, வாகனப் பொறி, குப்பை எரிப்பு, கூடாரத் தீ எல்லாம் அடங்கும். திட்டமிட்ட தீவைப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே.

வானிலையின் பங்கும் அளவிடப்பட்டுள்ளது. 2023ஆம் ஆண்டில் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேலான பரப்பு எரிந்தது. அவ்வாண்டு கியூபெக் மாநிலத்தில் நிலவிய கடுமையான தீ வானிலைக்கான வாய்ப்பைக் காலநிலை மாற்றம் குறைந்தது இருமடங்காக்கியது என்று உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு கணக்கிட்டது. அதே கனடாவில், அரசே காடுகளுக்குத் தீ வைக்கிறது என்ற கதையைத் தம் பக்கத்தில் பரப்பிவந்த ஒருவர், பதினான்கு இடங்களில் தாமே தீ வைத்ததாக 2024 சனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

முதல் வகை: எண்ணைத் திரித்தல்

2019–20 கோடையில் ஆஸ்திரேலியாவில் மூண்ட தீயில் 33 பேர் நேரடியாக உயிரிழந்தனர். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. புகையால் மட்டும் 417 கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்று மருத்துவ ஆய்விதழ் ஒன்று மதிப்பிட்டது. நிலக்கரி ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் அந்நாட்டில் காலநிலைக் கொள்கை குறித்த கேள்வி வலுத்த நேரம் அது. அப்போதுதான் ‘183 தீவைப்பாளர்கள் கைது’ என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை 2020 சனவரி 6 அன்று வெளியிட்ட அறிக்கையே அதன் மூலம். அவ்வறிக்கை 183 பேர் மீது ‘சட்ட நடவடிக்கை’ எடுக்கப்பட்டதாகக் கூறியது. எச்சரிக்கையும் அதில் அடக்கம். வேண்டுமென்றே தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24 பேர் மட்டுமே. ஏனையோரில் பலர் தீத்தடையை மீறியவர்கள். எரியும் சிகரெட்டையோ தீக்குச்சியையோ வீசியவர்கள். அம்மாநிலத்தின் மிகப் பெரும் தீயான காஸ்பர்ஸ் மலைத் தீ, மின்னலால் தொடங்கி ஐந்து இலட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரித்தது. தீவைப்பு என்ற சொல்லைச் சுற்றி டுவிட்டரில் எழுந்த அலையில் தானியங்கிக் கணக்குகளைப் போல நடந்துகொண்ட கணக்குகளின் பங்கு வழக்கத்தைவிட மிகுதி என்று குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இங்கே எண் பொய்யன்று. எண்ணுக்கு ஒட்டப்பட்ட பெயர்தான் பொய்.

இரண்டாம் வகை: மாய ஆயுதம்

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரத்தை அழித்த தீயில் 85 பேர் மாண்டனர். பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஏறத்தாழ நூறாண்டுப் பழைய மின்கோபுரத்தில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று முறிந்து கம்பி விழுந்ததே காரணம். 2020 சூனில் அந்நிறுவனம் 84 மரணங்களுக்கான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் தீ மூண்ட சில நாள்களிலேயே, விண்வெளியிலிருந்து வந்த கதிர்தான் தீயை மூட்டியிருக்கலாம் என்று, பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான மார்ஜரி டெய்லர் கிரீன் முகநூலில் எழுதினார். யூதர்களுக்கு எதிரான வெறுப்புக் கதைகளில் காலங்காலமாக இழுக்கப்படும் ராத்சைல்டு என்ற பெயரும் அப்பதிவில் இடம்பெற்றிருந்தது. பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போட்ட ஒரு நிறுவனத்தின் குற்றம், அக்கதையில் ஓர் இனச் சிறுபான்மையின் சதியாக உருமாறியது.

2023 ஆகஸ்டு 8 அன்று ஹவாய்த் தீவுகளில் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் இறந்தபோதும் இதே கதை திரும்பியது. கதிர் பாய்வதாகப் பகிரப்பட்ட படங்களுள் ஒன்று, 2018இல் கலிபோர்னியாவில் ஏவப்பட்ட ராக்கெட்டின் படம். ‘வீடுகள் எரிந்தன, மரங்கள் நிற்கின்றன, இது இயற்கைத் தீயாக முடியாது’ என்பது மற்றொரு வாதம். இதற்கு விடை எளிது. உயிருள்ள மரத்தில் ஈரம் உண்டு. காற்றில் பறக்கும் தணல் கூரை இடுக்கிலும் காற்றுப்போக்கியிலும் நுழைந்து வீட்டை உள்ளிருந்து எரிக்கிறது. அத்தீ பல மணி நேரம் நீடிக்கிறது.

2024 அக்டோபரில் வெளியான அரசு விசாரணை அறிக்கை, அறுந்து விழுந்த மின்கம்பிகளால் காலையில் மூண்ட தீ முற்றிலும் அணையாமல் பிற்பகலில் மீண்டும் கிளர்ந்ததே அழிவுக்குக் காரணம் என்றது. கைவிடப்பட்ட கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் மண்டிய அயல் புற்கள் எரிபொருளாயின. அந்தத் தோட்டங்களுக்காகவே ஓடைகளின் நீர் நூறாண்டுக்கும் மேலாகத் திருப்பிவிடப்பட்டது. பூர்வகுடிகளின் சேம்பு வயல்கள் அதனால் காய்ந்தன. கதிர் ஆயுதக் கதையில் இவ்வரலாறு எதற்கும் இடமில்லை.

மூன்றாம் வகை: அயலார் மீது பழி

மிகக் கொடிய விளைவுகளைத் தருவது இவ்வகையே. 1923இல் சப்பானின் கான்டோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்து டோக்கியோ எரிந்தபோது, கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சிடுகிறார்கள் என்ற வதந்தி பரவி ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டனர். ஆளப்பட்ட இனத்தின் மீது ஆண்ட இனம் சுமத்திய அப்பழியின் வடிவம் இன்றும் மாறவில்லை.

2021 ஆகஸ்டில் அல்சீரியாவின் கபிலியா பகுதியில் மூண்ட தீயில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். தீயணைக்க உதவுவதற்காக வெளியூரிலிருந்து தாமே முன்வந்து சென்ற ஜமால் பென் இஸ்மாயில் என்ற இளம் கலைஞரை, தீ வைத்தவர் என்று கூறி ஒரு கும்பல் காவல் வண்டியிலிருந்து இழுத்துச் சென்று அடித்துக் கொன்று எரித்தது. அவர் நிரபராதி. கும்பலில் சிலர் அக்கொடுமையைக் கைப்பேசியில் படமெடுத்தனர். 2022 நவம்பரில் நீதிமன்றம் 49 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அவ்வெண்ணிக்கை குறைந்தது.

2023 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் எவ்ரோஸ் பகுதியில் எரிந்த தீ, ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவானவற்றுள் மிகப் பெரியது. துருக்கி எல்லையைக் கடந்து புகலிடம் தேடி வருவோர் ஒளிந்து நடக்கும் காடு அது. தீயில் கருகிய 18 உடல்கள் ஓர் ஊருக்கு அருகே கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் புலம்பெயர்ந்தோர் என்றே கருதப்படுகிறது. அதே நாள்களில், புலம்பெயர்ந்தோர்தாம் தீ வைத்தனர் என்ற பேச்சு பரவியது. ஒருவர் 13 பேரைப் பிடித்து வண்டியின் பின்பெட்டியில் பூட்டி, அதனைப் படமெடுத்துப் பெருமையுடன் வெளியிட்டார். அவரும் உடந்தையாயிருந்த இருவரும் கைதாயினர். தீயில் அதிகமாக இறந்தவர்கள் எவரோ, அவர்களே தீ வைத்தவர்களாகச் சித்திரிக்கப்பட்டனர்.

2020 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. நிறவெறிக் கொலைகளுக்கு எதிரான போராட்டங்கள் போர்ட்லாந்தில் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாசிச எதிர்ப்பாளர்கள் தீ வைக்கிறார்கள் என்ற வதந்தியை மத்தியப் புலனாய்வுத் துறையே பொய் என்று அறிவித்தது. அதற்குள் துப்பாக்கி ஏந்தியோர் சாலைகளை மறித்து வாகனங்களைச் சோதிக்கத் தொடங்கியிருந்தனர். அவசர அழைப்பு எண்களை வதந்தி அழைப்புகள் அடைத்தன.

நான்காம் வகை: ‘தகுதி’ வாதம்

நம் வாசகர்களுக்கு மிகவும் பழகிய ஒலி இவ்வகையில் கேட்கும். 2025 சனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மூண்ட தீக்களில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் மேயர் ஒரு கறுப்பினப் பெண். அப்போதைய தீயணைப்புத் துறைத் தலைவரும் பெண். பன்முகத்தன்மைக் கொள்கையால் தகுதியற்றோர் பதவிக்கு வந்ததே பேரழிவுக்குக் காரணம் என்று எலான் மஸ்க் உள்ளிட்டோர் பரப்பினர். இடஒதுக்கீட்டால் வந்த மருத்துவர், இடஒதுக்கீட்டால் வந்த பொறியாளர் என்று இங்கே ஒவ்வொரு விபத்தின்போதும் எழும் ஏளனத்தின் அமெரிக்க வடிவமே இது.

உண்மைகளை நோக்குவோம். அன்று காற்று சில இடங்களில் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வீசியது. முதல் இரவில் வானூர்திகள் பறக்க இயலவில்லை. நீர்க்குழாய்கள் வற்றியதற்கு ஒரே நேரத்தில் எழுந்த மிகப் பெருந்தேவை காரணம்; பழுதுபார்ப்புக்காக ஒரு நீர்த்தேக்கம் காலியாக இருந்ததும் மெய். பாலிசேட்ஸ் தீ தொடர்பாக ஒருவர் மீது 2025இல் தீவைப்புக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. ஈட்டன் தீக்கு மின் நிறுவனம் ஒன்றின் கம்பிகளே காரணம் என்று அமெரிக்க அரசே 2025 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தது. இவற்றில் எதுவும் எவருடைய பிறப்போடும் தொடர்புடையதன்று.

‘தகுதி’ வாதம் மறைத்த செய்தி வேறு. நிறவெறி வீட்டுக் கொள்கைகளால் பிற இடங்களில் வீடு வாங்க முடியாத கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் அல்டடீனாவின் மேற்குப் பகுதி. ஈட்டன் தீ கிழக்குப் பகுதியை நெருங்கியபோது வெளியேற்ற ஆணை வந்தது. மேற்குப் பகுதிக்கு அது பல மணி நேரம் தாமதமாகவே வந்தது. அத்தீயில் இறந்தோரில் ஏறக்குறைய அனைவரும் மேற்குப் பகுதியினர். தகுதியைக் குறித்துக் கூச்சலிட்டோர் எவரும் இத்தாமதத்தைக் குறித்துக் கேட்கவில்லை.

அரை உண்மைகள்

முழுப் பொய்யைவிட அரை உண்மையை மறுப்பது கடினம். இரண்டைக் குறிப்பிடலாம்.

உலகில் எரியும் மொத்தப் பரப்பு குறைந்துவருகிறது என்பது மெய்தான். 1998 முதல் 2015 வரை அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததைச் செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளின் புல்வெளிகள் விளைநிலங்களானதே முதன்மைக் காரணம். புல்வெளித் தீயின் குறைவைக் காட்டி, காடுகளில் கடுந்தீக்கள் பெருகுவதை மறைப்பது மோசடி.

காட்டில் சேரும் சருகை முன்கூட்டியே எரித்துக் குறைக்கவில்லை என்பதும் ஓரளவு மெய். ஆனால் அதைத் தடுத்தவர்கள் சூழலியலாளர்கள் அல்லர், காலனிய அரசுகளே. 1850இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், பூர்வகுடிகள் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இந்தியாவிலும் காலனிய வனச்சட்டங்கள் அதையே செய்தன. பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் வைத்துவந்த சிறு சருகுத்தீ, சரணாலயம் வந்தபின் தடைசெய்யப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி காடெங்கும் பரவியதை அவர்களே தொடர்ந்து சுட்டிக்காட்டிவருகின்றனர். அறிவைக் குற்றமாக்கியவர்கள், அவ்வறிவு இல்லாமற்போனதற்கும் பிறரையே குறைகூறுகிறார்கள்.

ஏன் நம்பப்படுகின்றன?

ஒடுக்கப்பட்டோரின் ஐயம் எப்போதும் மூடநம்பிக்கை அன்று. 1893இல் அமெரிக்க வணிகர்களால் கவிழ்க்கப்பட்ட அரசு ஹவாய் மக்களுடையது. நிலம் பறிபோகும் என்ற அவர்களது அச்சத்துக்கு வரலாற்று வேர் உண்டு. ஆனால் அந்த அச்சத்தின் மேல் ஏறிப் பயணித்த வதந்தி, பேரிடர் உதவித்தொகையைப் பெற்றால் அரசு நிலத்தைப் பறித்துக்கொள்ளும் என்றது. அது பொய். உதவி மிகவும் தேவைப்பட்டவர்களையே விண்ணப்பிக்கத் தயங்கச் செய்த பொய். அதிகாரத்தை ஐயுறுவது வேறு. ஐயத்தையே ஆயுதமாக்கி நம்மை வீழ்த்துவோரிடம் சிக்குவது வேறு.

ஆராய வேண்டிய வினாக்கள்

காட்டுத்தீ குறித்த செய்தி ஒன்று கைக்கு வரும்போது களப்பணியாளர்களும் மாணவர்களும் ஐந்து வினாக்களை எழுப்பலாம்.

1. இச்செய்தி பொறியைப் பற்றிப் பேசுகிறதா, பரவலைப் பற்றிப் பேசுகிறதா? ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுக்கிறதா?
2. எண் தரப்பட்டிருந்தால், மூல அறிக்கை அவ்வெண்ணுக்கு இட்ட பெயர் என்ன? கைதா, எச்சரிக்கையா, குற்றச்சாட்டா, தீர்ப்பா?
3. படம் எந்த ஆண்டில், எங்கே எடுக்கப்பட்டது?
4. குற்றம் ஒரு தனிமனிதரின் மீதா, ஒரு சமூகத்தின் மீதா சுமத்தப்படுகிறது?
5. இக்கதை உண்மையென்று ஏற்கப்பட்டால், எவர் விசாரணையிலிருந்து தப்புவார்?

கடைசி வினாவே முதன்மையானது. பாரடைஸில் அது மின் நிறுவனம். ஆஸ்திரேலியாவில் நிலக்கரி அரசியல். அல்டடீனாவில் தாமதமான ஆணை. பழி எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே ஒழுகுகிறது என்பதை இம்மண்ணில் பிறந்த நாம் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. அதன் ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் சான்றுகளோடு தடுத்து நிறுத்துவதே நம் பணி.