விரித்த வலையும் விழாத வீரரும்

மரவள்ளிக் கொல்லை வைத்திருக்கும் தோட்டத்து அன்பர்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பன்றிக்குக் கண்ணி வைக்கிறவர் என்ன செய்கிறார்? அது வரும் தடத்தை முதலில் பார்த்து வைக்கிறார். பிறகு நல்ல கிழங்காக ஒன்றை எடுத்து அங்கே போடுகிறார். கிழங்கு போனால் போகட்டும், பன்றி சிக்கினால் போதும் என்பது அவர் கணக்கு.

சதுரங்க விளையாட்டிலும் இப்படியொரு கணக்கு உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே எதிரிக்கு விட்டுக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தாக்கும் வாய்ப்பைப் பெறுவது. இதனைக் 'கேம்பிட்' என்பார்கள். காலை இடறி விடுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. 1561ஆம் ஆண்டில் சதுரங்க நூல் எழுதிய ரூய் லோபஸ் என்னும் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் இப்பெயரை ஆட்டத்திற்குச் சூட்டினார்.

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்தான் முதலில் நகரும். ஆகவே கறுப்புக் காய் ஆடுகிறவர் எப்போதும் ஓர் அடி பின்தங்கியே தொடங்குகிறார். அப்படியிருந்தும் அவரே முதலில் ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கிறார் என்றால், அதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும். அத்தகைய துணிச்சல்காரர் ஒருவரின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் பிராங்க் மார்ஷல். 1877இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தவர். பத்து வயதில் இந்த விளையாட்டைக் கற்றுக் கொண்டார். 1904இல் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் நடந்த பெரும் போட்டியில், அப்போதைய உலகச் சாம்பியன் லாஸ்கரையும் பின்னுக்குத் தள்ளி, ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் முதலிடம் பெற்றார். 1909 முதல் 1936 வரை அமெரிக்கச் சாம்பியனாகவும் விளங்கினார். தோற்கும் நிலையிலிருந்தும் தந்திரத்தால் தப்பி விடுவார் என்று பெயர் வாங்கியவர். தம் தந்திர ஆட்டங்களையே தொகுத்து 1914இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இத்தகைய மார்ஷலுக்கும் வேறொருவர் வாய்த்தார். கியூபா தீவின் ஹவானா நகரில் 1888இல் பிறந்த கபபிளாங்கா என்பவர் அவர். 1909இல் இருவரும் பந்தயமாக மோதினார்கள். இருபது வயது இளைஞர் எட்டு ஆட்டங்களில் வென்றார். மார்ஷலுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வெற்றி. மற்ற பதினான்கும் சமநிலையில் முடிந்தன.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1918ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க்கில் ஒரு போட்டி. கபபிளாங்கா வெள்ளை, மார்ஷல் கறுப்பு. ஆட்டம் அந்தப் பாதிரியார் பெயராலேயே வழங்கும் ரூய் லோபஸ் தொடக்கத்தில் போய்க் கொண்டிருந்தது. எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் தம் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுப்பலகையில் வைத்தார். அதுதான் அவர் போட்ட கிழங்கு.

அதை எடுத்தால் என்ன நடக்கும்? காய்கள் வெட்டுப்பட்டு முடிந்ததும் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் மிச்சம். ஆனால், ராஜாவின் அருகே காவலிருந்த குதிரை போயிருக்கும். ராணிப் பக்கத்து யானை, குதிரை, மந்திரி மூன்றும் இடத்தை விட்டு நகராமல் உறங்கிக் கொண்டிருக்கும். கறுப்பின் காய்களுக்கோ வெள்ளை ராஜாவை நோக்கி வழி திறந்திருக்கும். கொடுத்தது ஒரு சிப்பாய்; வாங்கியது நேரமும் பாதையும்.

கபபிளாங்கா சற்று யோசித்தார். இந்தப் பாதையின் மேடு பள்ளமெல்லாம் எதிரிக்கு மனப்பாடம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும், தம் அறிவுக்கும் திறமைக்கும் விடப்பட்ட அறைகூவலாக அதைக் கருதி ஏற்றுக் கொண்டதாக 1921இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். சிப்பாயை எடுத்தார்.

உடனே பாய்ந்தது தாக்குதல். மார்ஷல் தம் குதிரையை, ஒரு சிப்பாய் எளிதில் வெட்டக்கூடிய இடத்தில் கொண்டு போய் நிறுத்தினார். வெட்டினால் ராணி பாய்ந்து வரும். கபபிளாங்கா வெட்டவில்லை, தம் ராணியைக் காவலுக்குக் கொண்டு வந்தார். அடுத்து அதே குதிரை, வெள்ளை ராஜாவின் பக்கத்திலிருந்த சிப்பாயையே வெட்டிக் கொண்டு நின்றது. 'என்னை ராணியால் அடி பார்க்கலாம்' என்று கூப்பிடுவது போலிருந்தது. அந்த ஆசைக்கும் அவர் இணங்கவில்லை. யானையை ஓர் அடி முன்னால் வைத்தார். பிறகு, ராஜாவே கால் நடையாக நடுப்பலகையைக் கடந்து ராணிப் பக்கம் போய் ஒதுங்கியது. புயல் ஓய்ந்தது. உறங்கிக் கிடந்த வெள்ளைக் காய்கள் விழித்துக் கொண்டன. ஓரத்துச் சிப்பாய் ஒன்று கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் எட்டும் வரை ஏறிப் போயிற்று. முப்பத்தாறாவது நகர்த்தலோடு மார்ஷல் தோற்றார்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை ஒன்றுண்டு. 1909இல் பட்ட தோல்விக்குப் பழி வாங்க, மார்ஷல் இந்த வலையை ஒன்பது ஆண்டுகள் எவருக்கும் காட்டாமல் பொத்தி வைத்திருந்தார் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆட்டப் பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் இதைக் கபபிளாங்காவின் மீது வீசும் வாய்ப்புகள் வந்தும் மார்ஷல் வீசவில்லை. 1917இலேயே வேறொருவருடன் இதே எண்ணத்தை ஆடிப் பார்த்துமிருக்கிறார். ஒரு செய்தி சுவையாக இருப்பதனாலேயே அது வரலாறு ஆகிவிடாது. பதிவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நம் தோட்டங்களைப் பற்றி வழங்கும் கதைகளுக்கும் இது பொருந்தும்.

சரி, தோற்றுப் போன வலைதானே, தூக்கி எறிந்து விட்டார்களா? இல்லை. தவறு எங்கே என்று ஆராய்ந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் மார்ஷல் நடுவில் நின்ற குதிரையைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டார். அப்படிச் செய்யாமல், ஒரு சிப்பாயைச் சிறிது நகர்த்தி அக்குதிரைக்கு அங்கேயே காவல் கொடுத்தால் தாக்குதல் இன்னும் உறுதியாக நிற்கும் என்று கண்டார்கள். மின்னல் போல் வந்து போன தந்திரம், நின்று நிலைக்கும் முறையாயிற்று. 1965இல் டால் என்னும் முன்னாள் உலகச் சாம்பியனுக்கு எதிராக ஸ்பாஸ்கி இதைப் பலமுறை நம்பி ஆடினார், அப்பந்தயத்தில் வென்றார். 1993இல் லண்டனில் காஸ்பரோவ் இதற்கு இடமே கொடுக்காத வேறொரு நகர்த்தலைத் தேர்ந்து கொண்டார். உலகச் சாம்பியனே விலகிப் போகும் அளவுக்கு அது மதிப்புப் பெற்றுவிட்டது. இன்றும் அதன் பெயர் 'மார்ஷல் தாக்குதல்'. அன்று வென்றவர் பெயரல்ல, தோற்றவர் பெயரே அதற்கு நிலைத்திருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நாலே நகர்த்தலில் எதிரியின் ராஜாவை மடக்கும் ஒரு வித்தை அவனுக்குத் தெரியும். லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அதைக் கொண்டே வென்று வந்தான். பட்டணத்துப் பள்ளியோடு நடந்த போட்டிக்கு அவனை அழைத்துப் போனேன். எதிரில் இருந்த சிறுமி ஒரு சிப்பாயை நகர்த்தி அந்த வித்தையைத் தடுத்து விட்டாள். அதற்குப் பிறகு என்ன ஆடுவதென்றே அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மாலை, பள்ளி விட்ட பிறகு, பலகையை எடுத்துக் கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, அஞ்சாவது என்ன வெக்கணும்?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவன் சதுரங்கம் கற்கத் தொடங்கினான் என்பேன்.

எதிரி தவறு செய்வான் என்று நம்பி மட்டும் வலை விரிக்கிறவர், அவன் தவறாதபோது கையைப் பிசைந்து கொண்டு நிற்பார். மார்ஷல் அப்படி நிற்கவில்லை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தோற்று வரும் நாளில், "ஏன் தோற்றாய்?" என்று கடிந்து கொள்ளாதீர்கள். "எந்த இடத்தில் தவறியது, காட்டு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். சதுரங்கம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. பிள்ளை சொல்லிக் கொடுக்கும்.