பிள்ளைப்பேறும் பெருங்குருதிப் போக்கும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது தமிழர் வழக்கு. தோட்டப்புறத் தமிழரிடையே இச்சொல் வெறும் உவமையாக இருந்ததில்லை. கிள்ளானுக்குத் தெற்கே தெலுக் பங்லிமா காராங், அதற்கப்பால் லங்காட் ஆற்றைக் கடந்தால் கேரித் தீவு எனத் தோட்டங்கள் சூழ்ந்த நிலப்பகுதி அது. இத்தகைய தோட்டங்களில் லயத்து அறையிலேயே பிள்ளை பிறந்த காலம் ஒன்றுண்டு. மருத்துவச்சியின் கையும் தோட்டத்து டிரெசரின் மருந்துப் பெட்டியுமே அன்றைய துணை.

குழந்தை அழுதுவிட்டது, கண்டம் கழிந்தது என்று வீட்டார் மூச்சுவிடும் வேளையிற்றான் மெய்யான கண்டம் தொடங்குவதுண்டு. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான குருதி பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கருப்பையின் தசை இறுகி, தன் இழைகளாலேயே குருதிக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாது தளர்ந்து கிடந்தால், வேறு நோயொன்றும் இல்லாத இளந்தாயும் இரண்டு மணி நேரத்திற்குள் மாண்டுபோகக்கூடும். கிள்ளான் சாலை நீண்டதன்று. ஆயினும் வண்டி கிடைக்காத இரவில் அதுவே கடக்க முடியாத தொலைவாயிற்று.

இக்குருதியை நிறுத்த மருத்துவர் கண்ட வழிகளின் வரலாறு கொடியதொரு பேரத்தில் தொடங்குகிறது. 1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எடுவார்டோ போரோ என்பார் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்ததோடு கருப்பையையும் அறுத்தெடுத்துத் தாயைப் பிழைக்க வைத்தார். உயிர் வேண்டுமாயின் கருப்பையைக் கொடு என்பதே அப்பேரம். தலைப்பிரசவத்திலேயே கருப்பையை இழந்தவளைச் சுற்றம் என்ன சொல்லும் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கத்தியைப் பின்னுக்குத் தள்ளும் முயற்சி மருந்திலிருந்து பிறந்தது. கம்புவகைத் தானியத்தைப் பற்றும் ஒரு பூஞ்சையிலிருந்து எர்கோமெட்ரின் என்னும் பொருளை 1935இல் டட்லியும் சாசர் மோயரும் பிரித்தெடுத்தனர். ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். இவ்விரண்டும் கலந்த ஊசி மலேசியப் பேற்று அறைகளில் நெடுங்காலம் வழங்கியது. 1901இல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளை அறிவித்ததால், இழந்த குருதியை ஈடுசெய்யவும் வழி பிறந்தது. மருந்து தோற்குமிடத்தில் கை உதவும்: ஒரு கையை உள்ளே முட்டியாக வைத்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்திக் கருப்பையை இரண்டிற்கும் நடுவே நெரிப்பர். எளிய செயல்தான், செய்பவர் களைத்துப்போவார் என்பதே அதன் குறை.

மலேசியாவின் கணக்கை இங்கு நோக்குதல் தகும். 1957இல் உயிருடன் பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் மாண்டனர். 1980இல் அவ்வெண்ணிக்கை 60ஐ ஒட்டி இறங்கியது. புதிய அறுவை முறைகள் எவையும் அதுவரை வந்திருக்கவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சியர், நாட்டுப்புறச் சுகாதார நிலையங்கள், ஊசி, குருதி, சாலை ஆகியவையே அச்சாதனையைச் செய்தன. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 1985இல் திறக்கப்பட்டது. கருவுற்றோரின் அட்டையில் அபாயத்திற்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை நிறங்களை இடும் முறையும் பரவலாயிற்று.

எஞ்சிய மரணங்களை ஆராய 1991இல் நாடு முழுவதும் ஓர் ஆய்வு தொடங்கியது. மாண்டவர் பெயரும் மருத்துவர் பெயரும் மறைக்கப்பட்டன. யாரையும் தண்டிப்பது அதன் நோக்கமன்று, எங்கே காலம் வீணாயிற்று என்பதை அறிவதே நோக்கம். முதல் அறிக்கைகளில் பேற்றுக்குப் பின்வரும் குருதிப் போக்கே காரணங்களின் தலையில் நின்றது. ஓர் அழைப்பில் மகப்பேற்று மருத்துவர், மயக்க மருத்துவர், குருதி வங்கி ஆகிய அனைவரையும் எழுப்பும் ‘சிவப்பு எச்சரிக்கை’ முறை மருத்துவமனைகளில் வேரூன்றியது.

கருப்பையைக் காக்கும் வழிகள் இதன் பின்னரே விரைந்து பெருகின. சியரா லியோனில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கிறிஸ்டோபர் பி-லிஞ்ச், காற்சட்டைத் தோள்வார் போலக் கருப்பையின் மேலாக நூலைச் சுற்றி இறுக்கித் தைக்கும் முறையை 1997இல் ஐந்து பெண்களின் வரலாற்றோடு வெளியிட்டார். கருப்பைக்குள் பலூனை வைத்து உப்புநீரால் நிரப்பி உள்ளிருந்தே அழுத்தும் முறையும் வந்தது. பலூன் வாங்கப் பொருளில்லாத டாக்காவில், சாயேபா அக்தர் என்னும் பெண் மருத்துவர் ஆணுறையை ரப்பர்க் குழாயில் நூலால் கட்டி அதே பணியைச் செய்யவைத்தார். 2003இல் அதனை உலகறிய எழுதினார். ஏழ்மை சில வேளை நல்லாசானாகிறது.

1962இல் ஜப்பானில் ஒகமோட்டோ இணையர் கண்ட டிரானெக்சாமிக் அமிலம், 20,060 தாய்மாரிடம் நடந்த சோதனையின் முடிவாக 2017இல் ஏற்புப் பெற்றது. மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் அதற்கு வலிமை. அம்முடிவைக் காண உடாகோ ஒகமோட்டோ உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே மறைந்திருந்தார்.

கருப்பையை அகற்றும் அறுவை இன்றும் ஒழிந்துவிடவில்லை. தையலும் பலூனும் தோற்றபின் வரும் இறுதி வாயிலாக அது நிற்கிறது. சிறிய நிலையமொன்றிலிருந்து பெரிய மருத்துவமனைக்குத் தாயை அனுப்ப நேர்ந்தால், ஊர்தி ஓடும்போதும் தாதி அழுத்திய கையை எடுப்பதில்லை. அறுவை அறையின் வாயிலில் வேறொருவர் கை அவ்விடத்தை ஏற்ற பின்னரே விலகுகிறார்.