வில்லையில் ஒரு எண்

சிறு வயதிலிருந்தே பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பதால் அந்த மொழிப் படங்கள் கிடைத்தால் விடமாட்டேன். அண்மையில் பெனுவா பிலோன் இயக்கி 2008-இல் வெளிவந்த கனடியப் படம் ஒன்றைப் பார்த்தேன். ‘வாழ்வதற்குத் தேவையானது’ என்பது தலைப்பின் பொருள். 1952-இல் காசநோய் கண்ட இன்யூட் வேட்டைக்காரர் ஒருவரைக் க்யுபெக் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே அவர் மொழி யாருக்கும் தெரியாது. அவர் சாப்பிட மறுக்கிறார். இரு மொழியும் அறிந்த ஓர் அநாதைச் சிறுவனை ஒரு செவிலியர் அவரருகே கொண்டுவந்த பிறகுதான் உணவு இறங்குகிறது.

கதை கற்பனைதான். ஆனால் பின்னணி உண்மை. 1950 முதல் ‘சி.டி. ஹோவ்’ என்ற அரசுக் கப்பல் கோடைதோறும் கனடாவின் வடகிழக்குக் கரையோரக் குடியிருப்புகளுக்குப் போய்வந்தது. கப்பலிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் தெரிந்தால் பலரை விடைபெறக்கூடக் கரையிறங்க விடவில்லை. கைக்குழந்தையைப் பிறரிடம் விட்டுப் போன தாய்மார்களும் உண்டு. 1956 வாக்கில் இன்யூட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கே காசநோய் மருத்துவமனைகளில் இருந்தார். மருந்து பலருடைய உயிரைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அங்கிருந்த குழந்தைகள் தாய்மொழியை மறந்து, பெற்றோரிடம் பேச முடியாதவர்களாகத் திரும்பினார்கள்.

பழைய எழுத்தன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. இன்யூட் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. இறந்த உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்கள். அந்தப் பெயரோடு அவருடைய உறவுமுறையும் குழந்தைக்கு வந்துவிடும். அதிகாரிகளுக்கோ அந்தப் பெயர்களை எழுத வரவில்லை. 1941 முதல் ஆளுக்கொரு எண் பொறித்த வட்ட வில்லை கொடுத்தார்கள். பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினால் அதைத் திருத்த மனிதர்கள் எத்தனை முறை அலைய வேண்டும் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். அங்கே பெயரும் எண்ணும் குழம்பி, தெற்கே இறந்தவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

2019 மார்ச்சில் பிரதமர் ட்ரூடோ இக்காலூயிட் நகருக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். காணாமல் போனவர்களின் கல்லறைகளைத் தேட உதவும் திட்டமும் அப்போது அறிவிக்கப்பட்டது. ‘நனிலாவுட்’ என்று அதற்குப் பெயர். ‘அவர்களைக் கண்டுபிடிப்போம்’ என்று பொருள். ஆனாலும் காசநோய் அங்கே ஒழியவில்லை. ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்து வாழும் நிலை மாறவில்லை. மருத்துவமனை என்றாலே பழைய கப்பல் நினைவுக்கு வரும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு மாற்றும் அங்கேயே இருக்கிறது. க்யுபெக் மாநிலத்தின் வடக்கே புவிர்னிடுக் என்னும் ஊரில் பிரசவத்துக்காகப் பெண்களை விமானத்தில் தெற்கே அனுப்பிவந்தார்கள். பல வாரம் தனியே காத்திருக்க வேண்டும். ஊர்ப் பெண்களே இதை எதிர்த்துப் போராடியதால் 1986-இல் அங்கேயே பிரசவ விடுதி திறந்தது. இன்யூட் பெண்களே மருத்துவச்சிகளாகப் பயிற்சி பெற்றார்கள்.

இப்போது அங்கே பிள்ளை பிறக்கும்போது பாட்டி பக்கத்தில் இருக்கிறாள். யார் பெயரை வைப்பது என்று அவளிடம் கேட்கலாம்.