கத்துக்குட்டிகளின் அலை

அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வில் இரண்டு பகுதிகள். ஒன்று ரேடியோ தொழில்நுட்பம், இன்னொன்று விதிமுறைகள். தொழில்நுட்பப் பகுதியைப் பற்றி எனக்குப் பயமில்லை. நான் இ.சி.இ. படித்தவன். நான்கு வருடப் படிப்பில் ஒரு ஆன்டெனாவைக்கூடக் கையால் தொட்டதில்லை, படித்து முடித்ததும் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டேன் என்பதெல்லாம் வேறு கதை. சூத்திரங்கள் ஞாபகம் இருந்தன. விதிமுறைகள் பகுதிதான் தூக்கம் வரவைக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

ஹாம் என்கிற அமெச்சூர் வானொலிக்காரர் காற்றலையில் என்ன பேசலாம்? தன் கருவி, சோதனை சம்பந்தமான தொழில்நுட்ப விஷயங்கள் பேசலாம். அதோடு சொந்த விஷயங்களும் பேசலாம். ஆனால் அவை தந்தி கொடுக்கவோ தொலைபேசியில் கூப்பிடவோ தேவைப்படாத அளவுக்கு முக்கியத்துவம் இல்லாதவையாக இருக்க வேண்டும். சர்வதேச விதிகளில் நெடுங்காலம் இருந்த வாசகத்தின் சாரம் இது. நம் நாட்டு விதிகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

நான் படித்தவரை, முக்கியமில்லாததை மட்டும் பேசு என்று ஒரு குடிமகனுக்கு எழுத்தில் உரிமம் கொடுக்கும் சட்டம் வேறு எதுவும் இல்லை. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் இதைக் கேட்டேன். எழுபது தாண்டியவர், வி.யூ.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருப்பவர். சிரித்தார். "நமக்குக் கொடுத்த அலையும் அப்படித்தானே தம்பி? யாருக்கும் வேணாம்னு தூக்கிப் போட்டதுதான்."

அவர் சொன்னது 1912-ல் நடந்த கதை.

அதற்கு முன் அமெரிக்காவில் கம்பியில்லாத் தந்திக்கு உரிமமே கிடையாது. சுருள் கம்பி, பேட்டரி, தீப்பொறி இடைவெளி, மொட்டைமாடியில் ஒரு நீளக் கம்பி. இவ்வளவு இருந்தால் பதினைந்து வயதுப் பையன் ஊரெல்லாம் கேட்கும்படி தட்டலாம். தட்டினார்கள். தீப்பொறி டிரான்ஸ்மிட்டருக்கு நாகரிகம் தெரியாது, ஒரே நேரத்தில் பரந்த அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கடற்படைக்காரர்கள் கோபப்பட்டார்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அந்தக் குழப்பத்தில் கப்பல் பத்திரமாக இழுத்து வரப்படுகிறது என்று பொய்ச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. காற்றில் குறுக்கிட்ட அமெச்சூர்கள் தலையில் பழி விழுந்தது. எவ்வளவு பழி அவர்களுடையது, எவ்வளவு பத்திரிகைகளின் அவசரம் என்பது வேறு கேள்வி. அந்த ஆகஸ்டில் சட்டம் வந்துவிட்டது.

சட்டம் தடை செய்யவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான ஒன்றைச் செய்தது. தேர்வு எழுது, உரிமம் வாங்கு, தாராளமாக ஒலிபரப்பு. ஆனால் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கூடாது, ஒரு கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் கூடாது. ஏன் 200 மீட்டர்? அன்றைய அறிவியலின்படி அலைநீளம் கூடக் கூடத் தூரம் கூடும். கடல் தாண்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளம் வேண்டும், அதற்கு வயல் அளவு ஆன்டெனா வேண்டும். 200 மீட்டருக்குக் கீழே இருப்பது பக்கத்து ஊரைத் தாண்டாத குப்பை. அதைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் சலித்துப்போய்ப் படிக்கப் போய்விடுவார்கள். வீட்டில் பெரியவர்கள் உடைந்த ரிமோட்டைக் குழந்தை கையில் கொடுப்பது மாதிரி.

தேர்வுக்கு நேரில் போக வேண்டும், பெரும்பாலும் கடற்படைத் தளத்துக்கு. தொலைவில் இருப்பவர்களுக்குத் தபாலிலேயே இரண்டாம் தர உரிமம் உண்டு. முதல் தரம், இரண்டாம் தரம் என்ற இந்தப் படிக்கட்டு அன்றே வந்துவிட்டது. இன்று இந்தியாவில் மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வி.யூ.3, மோர்ஸோடு ஜெனரல் கிரேடுக்கு வி.யூ.2. என் உரிமம் வி.யூ.3 என்பதைப் பெரியவர் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

'ஹாம்' என்ற பெயரும் வசவுதான் என்கிறார்கள். சரியாகத் தட்டத் தெரியாத தந்திக்காரனைத் தொழில்முறைத் தந்திக்காரர்கள் அப்படித் திட்டுவார்களாம். தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: கத்துக்குட்டி.

கத்துக்குட்டிகள் போகவில்லை. 1914-ல் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற பொறியாளர் அவர்களை ஒரு சங்கமாக்கினார். ஊர் விட்டு ஊர் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தும் ஏற்பாடு அது. 1917-ல் அமெரிக்கா போருக்குள் இறங்கியதும் எல்லா அமெச்சூர் நிலையங்களையும் மூடச் சொன்னது அரசு. ஆன்டெனாவை இறக்கச் சொன்னது. போர் முடிந்த பிறகு, 1919-ல்தான் திரும்பக் கிடைத்தது.

1921 கடைசியில் பால் காட்லி என்ற அமெரிக்கர் கப்பலேறி ஸ்காட்லாந்து போனார். ஆர்ட்ராஸன் என்ற கடற்கரை ஊரில் ஒரு கூடாரம். வயலில் நீளமாக ஒரு கம்பி. குளிர், மழை, ராத்திரி. காதில் ஹெட்போன். அமெரிக்கப் பையன்கள் தங்கள் 200 மீட்டர் குப்பையில் தட்டுவது அட்லாண்டிக் தாண்டிக் கேட்கிறதா என்று பார்க்கவே சங்கம் அவரை அனுப்பியிருந்தது. கேட்டது. ஒன்றிரண்டல்ல, பல நிலையங்கள். கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு முழுச் செய்தியையே எழுதிக்கொண்டார்.

அது ஒருவழி. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள இன்னும் இரண்டு வருடம் ஆனது. 1923 நவம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரிலிருந்து லியான் டெலாய், அமெரிக்காவில் ஃப்ரெட் ஷ்னெல். அலைநீளம் சுமார் 100 மீட்டர். 200-ஐவிடக் குப்பை. இன்னும் கீழே போகப் போக இன்னும் நன்றாகக் கேட்டது என்பதுதான் அதிசயம்.

ஏன் என்பதைக் கேரம் விளையாடியவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். நேராகப் போய் எடுக்க முடியாத காயைக் கட்டையில் அடித்துத் திருப்பி எடுப்போம் அல்லவா? நீள அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகிறது. போகப் போகத் தேய்கிறது. சிற்றலை தரையோடு சீக்கிரம் செத்துப்போகும், அது உண்மைதான். ஆனால் மேலே போன அலை, வானத்தில் நூறு, இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அடுக்குகளில் பட்டுத் திரும்பி வருகிறது. நிபுணர்கள் போர்டில் நேர்க்கோட்டை மட்டும் பார்த்தார்கள். கட்டையை மறந்துவிட்டார்கள். அந்த அடுக்கு உண்டு என்று சிலர் முன்பே ஊகித்திருந்தார்கள். ஆப்பிள்டன் இங்கிலாந்தில் அதை அளந்து நிரூபித்தது 1924 கடைசியில். கத்துக்குட்டிகள் அதற்குள் அதில் பந்து விளையாட ஆரம்பித்திருந்தார்கள்.

1924 அக்டோபர் 18. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு ஆட்டுப் பண்ணை. அங்கே ஃப்ராங்க் பெல், முதல் உலகப் போரிலிருந்து உடல் கெட்டுத் திரும்பியவர். லண்டனில் மில் ஹில் பள்ளி. அங்கே சிசில் காய்டர், பதினெட்டு வயது மாணவன். பூமி உருண்டையில் இதற்குமேல் தள்ளிப்போக இடமில்லை என்கிற தூரத்தில் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஃப்ராங்கின் அக்கா பிரெண்டா பிறகு அதே நிலையத்தை எடுத்து நடத்தினார். 1927-ல் நியூசிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவை முதலில் பிடித்தவர் அவர்தான்.

அந்தப் பையன் காய்டர் எங்கே போனான் என்று தேடியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1936-ல் அவர் இந்தியா வந்தார், ஆல் இந்தியா ரேடியோவின் தலைமைப் பொறியாளராக. பரந்த நாடு, கொஞ்சம் பணம். என்ன செய்வது? டெல்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா நான்கிலும் சிற்றலை ஒலிபரப்பிகளை நிறுவினார். 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையம் தொடங்கியது. நம் தாத்தாக்கள் வெகுதூரக் கிராமங்களில் வால்வு ரேடியோவைத் திருகிக் கேட்ட சென்னையின் குரல், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் நியூசிலாந்தைப் பிடித்த அதே தந்திரத்தில்தான் வந்தது.

சென்னைக்கு வானொலி வந்தது அதற்கும் முன்பே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-லேயே, காய்டர் பேசிய அதே வருடம், சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி நிகழ்ச்சிகளை ஒலிபரப்பினார். மூன்றே வருடத்தில் பணம் தீர்ந்தது. ஒலிபரப்பி சென்னை மாநகராட்சியிடம் போனது. 1930-ல் மாநகராட்சி அதில் ஒலிபரப்பைத் தொடங்கியது. இதற்கே தனிக் கட்டுரை வேண்டும். இங்கே விட்டுவிடுகிறேன்.

குப்பைக்கு விலை இருக்கிறது என்று தெரிந்ததும் என்ன ஆகும்? நாம் பார்த்ததுதான், புறம்போக்கு நிலத்துக்கு நடப்பதுதான். கம்பெனிகள் வந்தன, ராணுவங்கள் வந்தன, பேரரசுகள் வந்தன. 1927-ல் வாஷிங்டனில் நாடுகள் கூடி அலைகளைப் பங்கு போட்டன. 200 மீட்டருக்குக் கீழே முழுவதும் ஆண்டவர்களுக்குச் சில துண்டுகள் மிஞ்சின. 160, 80, 40, 20, 10 மீட்டர் என்று இன்றும் ஹாம்கள் சொல்லும் கணக்கு அந்தப் பங்கீட்டில் வந்ததுதான்.

இதில் 40 மீட்டர் துண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1939-ல் போர் தொடங்கியதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் ரத்தாயின. கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது அரசு. பம்பாயில் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம் ஒப்படைக்காமல் பாகங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டார். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு. தலைவர்கள் எல்லாரும் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. உஷா மேத்தாவும் நண்பர்களும் ஒரு ரகசிய வானொலி வேண்டும் என்று தேடியபோது கருவி கட்டிக்கொடுத்தவர் பிரிண்டர். காங்கிரஸ் ரேடியோ, அலைநீளம் 42.34 மீட்டர். வீடு மாற்றி வீடு மாற்றிச் சில மாதம் ஓடியது. நவம்பர் 12-ல் பிடிபட்டது. காட்டிக்கொடுத்தவரும் பிரிண்டர்தான், கைதானபின் அப்ரூவரானார். உஷா மேத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான்கு வருட தண்டனை.

பிரிண்டரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வரலாற்றில் ஒரே ஆள் கதவைத் திறந்தும் அடைத்தும் வைத்தால் நாம் பாதியை மறந்துவிடப் பார்க்கிறோம். அவர் இல்லாமல் அந்தக் குரல் இல்லை. அவரால்தான் அந்தக் குரல் நின்றது. இரண்டையும் எழுதிவைப்பதைத் தவிர வேறு நியாயம் தோன்றவில்லை.

42.34 மீட்டரை அதிர்வெண்ணாக மாற்றிப் பார்த்தேன். சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்றைய ஹாம்களின் 40 மீட்டர் பட்டைக்குள் வருகிறது. பெரியவர் வீட்டு ரிசீவரில் ஒரு சாயந்திரம் அந்த இடத்துக்குத் திருகினோம். ஆந்திராப் பக்கத்திலிருந்து யாரோ இரண்டு பேர் ஆன்டெனா உயரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி.

"பாரு, விதிப்படிதான் பேசறாங்க" என்றார் பெரியவர்.

முக்கியமில்லாத பேச்சு என்ற விதியை அரசு ஏன் எழுதியது என்று இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, தந்தித் துறையின் வருமானம் போகக்கூடாது. இன்னொன்று 1942. முதல் காரணம் செத்துவிட்டது. தந்தியையே 2013-ல் மூடிவிட்டார்கள். இரண்டாவது சாகவில்லை. விண்ணப்பித்த பின் உரிமம் வருவதற்கு முன்னால் ஹாம் ஆகப்போகிறவரின் பின்னணியை விசாரிக்கிறார்கள். வாட்ஸாப்பில் உலகத்தோடு எதையும் பேசலாம், யாரும் கேட்பதில்லை. மொட்டைமாடியில் ஒரு கம்பியைக் கட்டி "சோதனை, சோதனை" என்று சொல்ல விசாரணை. நடுவில் கம்பெனி இல்லாத பேச்சு என்றால் எந்த அரசுக்கும் இன்னும் கொஞ்சம் உதறல் இருக்கிறது.

அந்தமானில் பல ஆண்டுகள் ஹாம் ரேடியோவுக்கு அனுமதியே இருக்கவில்லை. 2004 டிசம்பரில் அரிதாக அனுமதி கிடைத்து ஒரு சிறு குழு போர்ட் பிளேர் போனது. முன்னின்றவர் பாரதி பிரசாத். நிலையத்தின் அழைப்புக்குறி வி.யூ.4.ஆர்.பி.ஐ. நோக்கம் விளையாட்டுதான். அபூர்வமான இடத்திலிருந்து கூப்பிட்டால் உலகம் முழுக்க ஹாம்கள் வரிசையில் நிற்பார்கள், ஒவ்வொருவரோடும் சில விநாடி, சிக்னல் எப்படி, நன்றி, அடுத்தவர். அப்படியே நாள்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் 26 காலை பூமி ஆடியது. பிறகு கடல் வந்தது. தொலைபேசிகள் போயின. ஓட்டல் அறையில் வைத்திருந்த விளையாட்டு நிலையம் தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடையிலான பாதை ஆகிவிட்டது.

அந்த நாட்களில் அதில் போன செய்திகள் எப்படிப்பட்டவை? நலம். அப்பா இருக்கிறார். அக்கா வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். விதிப்புத்தகத்தின் மொழியில் சொன்னால், சொந்தக் குறிப்புகள்.

என் உரிமம் ஒரு மழைக்காலத்தில் வந்தது. வானத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்கெல்லாம் என்னிடம் கருவி இல்லை. கையடக்க வி.எச்.எஃப். பெட்டிதான், ஊருக்குள் கேட்கும், அவ்வளவுதான். மொட்டைமாடிக்குப் போனேன். கை நடுங்கியது என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். தினமும் ஏதோ ஒரு கண்டத்தோடு வீடியோ அழைப்பில் பேசுகிறவன் நான். பொத்தானை அழுத்தி என் அழைப்புக்குறியைச் சொன்னேன். விட்டேன். இரைச்சல். மறுபடி சொன்னேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் குறியைத் திருப்பிச் சொன்னது, ஃபைவ் நைன் என்றது, பெயர் கேட்டது. புது உரிமமா, வாழ்த்துகள் என்றது. அடுத்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அங்க மழை உண்டா சார், ஓவர்" என்றேன்.

"இப்பதான் பிடிச்சிருக்கு. உங்க பக்கம்?"

நான் கையை நீட்டிப் பார்த்தேன்.