விசிட்டிங் கார்டுல பழைய நம்பரா? செலவே இல்லாம ஒரு வெப்சைட் ரெடி பண்ணலாம்!

"கார்டு இருக்கா?"ன்னு யாராவது கேட்டா, பர்ஸைத் துழாவி எடுக்கும் கார்டில் பழைய நம்பர்தான் இருக்கும். அதைப் பேனாவால அடிச்சு எழுதிக் கொடுக்கும் சங்கடம் டிஜிட்டல் விசிட்டிங் கார்டில் இல்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா உங்க பேர், வேலை, இமெயில், போர்ட்ஃபோலியோ எல்லாம் ஒரே பக்கத்தில் திறக்கும்.

மாதச் சந்தா கேட்கும் ஆப்கள் இதற்கு உண்டு. இலவச வழி வேணும்னா, ஸ்டாட்டிக் சைட். டேட்டாபேஸ் கிடையாது, ஏற்கெனவே தயாரான பக்கம் அப்படியே வருவதால் சட்டுனு லோடாகும். 2008-ல் வெளியான 'ஜெக்கில்' இதற்கான பழைய, பிரபலமான டூல். கிட்ஹப் தளமே அதை இயக்கித் தருவதால், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

கிட்ஹப்பில் அக்கவுன்ட் தொடங்கி, பிடித்த ஜெக்கில் கார்டு தீமைத் தேடி, 'யூஸ் திஸ் டெம்ப்ளேட்' பட்டனை அழுத்துங்க. இங்கதான் பலர் சறுக்குவாங்க. ரெப்பாசிட்டரிக்கு 'உங்க யூசர்நேம்.கிட்ஹப்.ஐஓ'ன்னே பேர் வைக்கணும். வேற பேர் வச்சா முகவரி நீளும். டிசைன் லோடாகாம வெறும் எழுத்து மட்டும் தெரியலாம். அடுத்து 'கான்ஃபிக்' ஃபைலில் உங்க விவரங்களை மாத்துங்க. அதில் டேப் கீ ஆகாது, ஸ்பேஸ் மட்டும்தான். வாட்ஸ்அப் லிங்க்கில் பிளஸ் குறி, இடைவெளி இல்லாம 91-ல் ஆரம்பிங்க. கடைசியா, செட்டிங்ஸில் 'பேஜஸ்' போய் பிராஞ்சைத் தேர்வு செய்தா, சில நிமிடங்களில் சைட் ரெடி.

இப்போ முக்கியமான விஷயம். இலவச அக்கவுன்டில் பேஜஸ் வேணும்னா ரெப்பாசிட்டரி பப்ளிக்காகத்தான் இருக்கணும். பர்சனல் நம்பரைப் போட்டுட்டு நாளைக்கு அழிச்சாலும், பழைய எடிட்கள் ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும். யார் வேணும்னாலும் பார்க்கலாம். அதனால வீட்டு முகவரி, பிறந்த தேதி, வங்கியோடு இணைத்த நம்பர் எதுவும் வேண்டாம். வேலைக்குன்னு தனி நம்பர், தனி இமெயில் போதும். குறிப்பா பெண்கள், லொகேஷன் காட்டும் மேப்பை தீமிலிருந்து எடுத்துடுறது நல்லது.

க்யூஆர் கோடில் சைட் முகவரியை மட்டும் வைங்க. அப்போ வேலை மாறினாலும் பக்கத்தைத் திருத்தினா போதும், கோடு அதேதான். ஆனா கிட்ஹப் யூசர்நேமை மாத்தினா முகவரியே போயிடும், அச்சடிச்ச கோடும் வேஸ்ட். பிரின்ட்டுக்குக் கொடுக்கும் முன், ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டிலும் ஒருமுறை ஸ்கேன் பண்ணிப் பாருங்க.