மானிப்பாயில் ஒரு விஞ்ஞான ஆசிரியர்

ஈழத்திலே மேனாட்டு வைத்தியக் கல்வி தோன்றிய வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் 1870ஆம் ஆண்டிலே கொழும்பில் வைத்தியக் கல்லூரி நிறுவப்பெற்றமையையே தொடக்கமாகக் கொள்வர். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1848இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே ஓர் இளைஞர் தம்மிடம் வந்த மாணாக்கர் சிலரை இருத்தி அக்கல்வியைப் புகட்டத் தொடங்கிவிட்டார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர்.

கிறீன் 1822ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசன் அவரை 1847இல் வட்டுக்கோட்டைக்கு அனுப்பியது. அவருக்கு முன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும் உவாட் வட்டுக்கோட்டையிலும் வைத்தியப் பணி புரிந்திருந்தனர். 1846இல் உவாட் நாடு திரும்பியமையால் இடம் வெறுமையாய்க் கிடந்தது. ஆகவே கிறீன் நோய் தீர்ப்பதற்கென வந்தவரேயன்றி ஆசிரியத் தொழிலை நாடி வந்தவரல்லர். அவரை ஆசிரியராக்கியது இந்நாட்டின் தேவையே. ஒரு வைத்தியர் இரவு பகலாய் உழைத்தாலும் எத்தனை வாயிற்படிகளை மிதித்தல் கூடும்? தாம் போனபின்னும் நிலைத்து நிற்கும் வைத்தியரை இம்மண்ணிலேயே ஆக்குதல் வேண்டும் என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார்.

முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலமும் கணிதமும் பௌதிகமும் பயின்ற இளைஞர் அருகிலேயே இருந்தமையால் இஃது இயல்பாகவே அமைந்தது. அவர்கள் திறமையாகக் கற்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கற்றுத் தேறியோருட் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் கூடிய வேதனத்தையும் நாடி வேறிடம் செல்லலாயினர். கிராமத்து நோயாளி முன்போலவே துணையின்றி இருந்தான். இதனை மாணாக்கரின் நன்றியின்மை என்று சொல்லிவிடுதல் எளிது, அது நியாயமன்று. குடும்பத்தைத் தாங்கவேண்டிய இளைஞன் ஊதியமுள்ள வழியை நாடுவது எக்காலத்துக்கும் உரியது. கிறீன் குறையைத் தம் போதனையின் மொழியிலே தேடினார் என்பதே அவருடைய சிறப்பு. ஆங்கிலத்திற் கற்றவன் ஆங்கிலம் வேண்டப்படும் இடத்துக்குப் போவான். தமிழிற் கற்றவனோ தமிழர் நடுவே தங்குவான் என்று அவர் எண்ணினார். இடையில் 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்த அவர், 1864 முதல் வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தலைப்பட்டார்.

எண்ணுதல் எளிது, நூல் எங்கே? உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் நாளத்துக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் உப்புக்கும் பெயர் வேண்டுமே. கற்றர் எழுதிய உடல்நூலைத் தமிழாக்கும் பணியை அவர் முன்னரே தொடங்கி 1852இல் வெளியிட்டிருந்தார். பின்னர் 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என ஒன்றன்பின் ஒன்றாகப் பெருநூல்கள் அச்சேறின. எல்லாவற்றையும் சேர்த்து நோக்கின் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். இவை தனியொருவர் ஆக்கங்களல்ல. டான்போர்த், சப்மன் முதலிய அவருடைய மாணாக்கர் உடனிருந்து உழைத்தனர். மிசன் இட்ட இப்பெயர்களைக் கண்டு மயங்கற்க. இவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. ஆசிரியர் மாணாக்கருக்கு விஞ்ஞானம் ஊட்ட, மாணாக்கர் ஆசிரியருக்குத் தமிழ் ஊட்டிய வகுப்பு அது என்று கூறல் தகும்.

அவர்தம் கலைச்சொற்களை இன்று நோக்குவார்க்குச் சில விந்தையாய்த் தோன்றும். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடி, அது வாயாதவிடத்து வடமொழியைத் துணைக்கொண்டு, அதுவும் வாயாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்கத் திரித்துக்கொள்வது அவர் கையாண்ட முறை. ‘கெமிஸ்தம்’ இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. இப்போது நம் மாணவர் அதனை இரசாயனவியல் என்பர். பிற்காலத்தோர் திருத்தியது நன்றே. எனினும் பின்பற்றத்தக்க தமிழ் அகராதியொன்று இத்துறையில் இல்லாத காலத்திலே, தயங்கி நில்லாது ஒரு சொல்லையாவது இட்டுப் பாடத்தை நடத்திய துணிவு நூற்பயிற்சியால் மட்டும் வருவதன்று. நாளைக்கு வகுப்பு உண்டு என்னும் நினைவே ஆசிரியரை அவ்வாறு எழுதச் செய்யும்.

கிறீனின் உள்ளத்திலே சமயப் பரப்புதலே தலைநின்றது. அதனை அவரே மறைத்தாரல்லர். சைவத் தமிழர் இதனை மறந்து பாராட்டவேண்டியதில்லை. ஆயினும் தம் மாணாக்கர் ஐரோப்பியரைப்போல் உடுத்து ஒழுகுவதை அவர் விரும்பவில்லை; தமிழராகவே வாழ்ந்து தொழில் புரியவேண்டும் என்பதே அவர் அவா. அன்னாரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழிலே கற்றவர்கள்.

அவர் வகுத்த வழி நிலைபெறவில்லை. அரசாங்கத்தின் வைத்தியக் கல்வி ஆங்கிலத்தையே பற்றி நின்றது. கொழும்பிற் பெற்ற பட்டமே உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. தமிழில் வைத்தியம் கற்பித்தல் இயலாதென்று பின்னாளில் வாதித்தோர் மானிப்பாய் வகுப்பை அறியாதே வாதித்தனர் போலும். அங்கே குறைபட்டது மொழியன்று; கற்றவனுக்கு உரிய இடத்தை அளிக்கும் ஏற்பாடே.

உடல் நலிவுற்று 1873இல் கிறீன் அமெரிக்கா சென்றார். பின் திரும்பி வரவில்லை. எனினும் வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைச் செப்பஞ்செய்து அனுப்பிவந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். தம் கல்லறைக்கல்லிலே தமிழர்க்கு வைத்திய ஊழியர் எனத் தம்மைக் குறிக்குமாறு அவர் கேட்டிருந்தார்.