வைன் இணக்கப் பதிவுகளும் நகல் தடுப்பு விளையாட்டுகளும்

விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஓடவைக்கும் கட்டற்ற மென்பொருள் வைன். 1993இல் தொடங்கிய இத்திட்டம் 2008இல் 1.0 பதிப்பை எட்டியது. எந்த நிரல் எந்த வைன் பதிப்பில் எப்படி ஓடுகிறது என்று பயனர்களே சோதித்து எழுதும் தரவுத்தளம் இதற்கு உண்டு. பிளாட்டினம், கோல்டு, சில்வர், புரோன்ஸ், கார்பேஜ் என்பவை அதன் தரநிலைகள். பெரும்பாலான நிரல்களுக்கு இந்த ஒற்றைத் தரம் போதும். நகல் தடுப்போடு சிடியில் வந்த பழைய விளையாட்டுகளுக்குப் போதாது. அங்கே சோதனைக்கு உள்ளாவது விளையாட்டு மட்டுமல்ல, அதைப் பூட்டியிருக்கும் இன்னொரு மென்பொருளும்தான். இரண்டையும் பிரித்து எழுதாத பதிவு, பழுது எங்கே என்று சொல்லாது.

1990களின் இறுதியிலிருந்து பரவிய சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு மென்பொருள் இதற்குத் தெளிவான சான்று. அது விளையாட்டின் முதன்மைக் கோப்பை மறையாக்கம் செய்துவிடும். எளிதில் படியெடுக்க முடியாத அடையாளங்கள் வட்டில் இருப்பதை உறுதிசெய்த பிறகே கோப்பைத் திறக்கும். இதற்குத் துணையாக, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்கும் டிரைவர் ஒன்றையும் நிறுவும். வைனிடம் விண்டோஸ் கெர்னல் கிடையாது. சாதாரண நிரலாகவே லினக்ஸில் ஓடுகிறது. ஆகவே அந்த டிரைவர் எதிர்பார்க்கும் கெர்னல் சேவைகளை வைன் தானே போலச்செய்து தர வேண்டியிருக்கிறது. சிடி டிரைவை நேரடியாகப் படிக்கும் அனுமதியும் அமைய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விளையாட்டு தொடங்காது. படமும் ஒலியும் சரியாக இயங்கக்கூடியவையாக இருந்தாலும் கார்பேஜ் என்ற தரமே விழும்.

பூட்டு மட்டுமே விளையாட்டை நிறுத்திவிடக்கூடும் என்பதை விண்டோஸின் வரலாறும் காட்டுகிறது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தம், முந்தைய பதிப்புகளிலும் அதை முடக்கியது. வட்டும் விளையாட்டும் மாறாமலே, நேற்றுவரை ஓடியது நின்றுபோனது.

வட்டைச் சோதிக்கும் பகுதியை நீக்கிய கோப்பைப் பயன்படுத்தினால் சிக்கலே இல்லையே என்பது ஒரு மறுப்பு. ஆனால் அப்போது தரம் பெறுவது வேறொரு கோப்பு. அசல் வட்டை வைத்திருப்பவருக்கு அது எதையும் உறுதிசெய்யாது. சட்டச் சிக்கலும் உண்டு: அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டம் இத்தகைய பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கிறது. வழக்கொழிந்த வடிவங்களில் வந்த விளையாட்டுகளுக்கு 2003இல் கிடைத்த விலக்கும் வரம்புக்குட்பட்டதே. பூட்டில்லாத மறுவெளியீடுகளை ஜிஓஜி போன்ற கடைகள் விற்கின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. எல்லா விளையாட்டும் அப்படி மறுபடி வருவதில்லை. வந்தவையும் தனிப் பதிவுக்கு உரியவை.

இவ்வளவு விவரம் கேட்டால் தன்னார்வலர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் கூடுதலாகத் தேவைப்படுபவை சில வரிகளே: பூட்டின் பெயரும் பதிப்பும், அசல் வட்டா மாற்றிய கோப்பா என்பது, வைன் பதிப்பு, டிரைவ் இணைக்கப்பட்ட விதம், எந்தக் கட்டத்தில் நின்றது என்பது. பூட்டின் பெயரைப் பலவேளை வட்டிலுள்ள கோப்புகளே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வரிகள் இருந்தால், வைனின் கெர்னல் சேவைகள் மேம்படும்போது எந்தெந்த விளையாட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது உடனே தெரியும். இல்லாவிட்டால் பழைய கார்பேஜ் தரம் காரணம் தெரியாமலே நீடிக்கும்.